மிலிட்டரிக்குப் போனால் திருந்திவிடுவானா?

பிளஸ் டூ முடித்து இரண்டு வருடமாகியும் பையன் எதிலும் நிலைக்கவில்லை என்றால், வேலூர்ப் பக்கத்து வீடுகளில் யாராவது ஒரு பெரியவர் வாயிலிருந்து அது வந்துவிடும்: "பேசாம மிலிட்டரில சேத்துடுங்க, தானா திருந்திடுவான்." பல நேரம் பையனே அப்படித்தான் நினைக்கிறான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் மூன்று மாதம், ராணிப்பேட்டை சிப்காட்டில் காண்டிராக்ட்டில் நான்கு மாதம், பிறகு காட்பாடியில் ரயிலேறிப் போய்ச் சென்னையில் ஒரு டெலிவரி வேலை, நடுநடுவே செல்போனோடு விடிகிற ராத்திரிகள். யாராவது அதிகாலையில் எழுப்பி 'இதைச் செய்' என்று சொன்னால் போதும் என்று அவனுக்குத் தோன்றுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ராணுவம் அந்த வேலையைச் செய்யுமா, எத்தனை காலம் செய்யும், அதற்கு முன்னால் அவனிடம் என்ன கேட்கும் என்பதை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஒழுங்கை உள்ளே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று வருபவனை ராணுவம் பெரும்பாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆறு மாதம் தானே எழுந்து, தானே ஓடி, தானே சான்றிதழ்களைச் சரிசெய்து வருபவனைத்தான் அது எடுக்கிறது. உள்ளே கிடைக்கும் கட்டுப்பாடும் இப்போது பெரும்பாலோருக்கு நான்கு ஆண்டுக்கு மட்டுமே.

மாமா போன ராணுவம் வேறு

பழைய வட ஆற்காட்டுக்குப் பட்டாளம் புதிதல்ல. கணியம்பாடிப் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ஊர்க்காரர்களே ராணுவப்பேட்டை என்பார்கள். பணியில் இருப்பவரோ ஓய்வு பெற்றவரோ இல்லாத வீடு அங்கே அபூர்வம். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டு, 1914-19 போருக்கு இங்கிருந்து 277 பேர் போனதையும் அதில் 14 பேர் உயிர்விட்டதையும் சொல்கிறது. அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத் தளம் 1992 முதல் இயங்குகிறது. பக்கத்துத் தக்கோலத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் இருக்கிறது. சீருடையை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வீட்டில் அறிவுரை சொல்லும் மிலிட்டரி மாமா சேர்ந்தது பென்ஷன் உள்ள வேலையில். சிப்பாய்க்கு 15 ஆண்டுப் பணி முடித்தால் ஓய்வூதியம், அதோடு முன்னாள் படைவீரர் என்ற தகுதி, கேன்டீன், மருத்துவ வசதி. 17, 18 வயதில் போனவர் 35 வயதில் பெட்டியோடு திரும்பி வந்து, நிலம் வாங்கி, பேங்க் செக்யூரிட்டி வேலையும் பார்த்தார். 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு சிப்பாய் நிலையில் சேருகிறவர் அக்னிவீர். அவருக்கு ஒப்பந்தம் நான்கு ஆண்டு. முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் தகுதியும் அதோடு வரும் கேன்டீன், மருத்துவ வசதிகளும் இல்லை. மாமாவின் அனுபவம் பயிற்சியைப் பற்றிக் கேட்க உதவும். வாழ்க்கைக் கணக்குப் போட உதவாது.

பணக் கணக்கு இப்படி. முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், அதில் கைக்கு 21,000. இரண்டாம் ஆண்டு 33,000, கைக்கு 23,100. மூன்றாம் ஆண்டு 36,500, கைக்கு 25,550. நான்காம் ஆண்டு 40,000, கைக்கு 28,000. பிடித்த 30 சதவீதம், பணி முடிவில் மொத்தமாகத் தரும் சேவாநிதியில் சேரும், அரசு அதே அளவு போடும். நான்கு ஆண்டில் அவருடைய பங்கு 5.02 லட்சம், அரசின் பங்கோடு 10.04 லட்சம், திட்டம் அறிவித்தபோது போட்ட கணக்குப்படி வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வருமான வரி கிடையாது. கைக்கு வந்த மாதச் சம்பளத்தைக் கூட்டினால் அதுவும் கிட்டத்தட்ட 11.72 லட்சம்தான் (பணியிடத்தைப் பொறுத்த படிகள் தனி). சாப்பாடு, தங்குமிடம், உடுப்பு எல்லாம் படையின் பொறுப்பு என்பதால் மிச்சம் பிடிக்க நினைத்தால் பிடிக்கலாம். சேவாநிதியை நடுவில் எடுக்க முடியாது. சொந்த விருப்பத்தில் பாதியில் வெளியேற அனுமதி அபூர்வமாகத்தான் கிடைக்கும், கிடைத்தாலும் அரசு போட்ட பங்கு வராது. பணிக்காலத்துக்கு 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு உண்டு, அதற்குச் சம்பளத்தில் பிடித்தம் இல்லை.

வீட்டில் மறந்துவிடும் ஒரு நிபந்தனையும் உண்டு: திருமணமாகாதவராகச் சேர வேண்டும், நான்கு ஆண்டும் அப்படியே இருப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 'சேர்ந்ததும் கால்கட்டு போட்டுவிடலாம்' என்று திட்டம் வைத்திருக்கும் பெற்றோர் கவனிக்கவும்.

ஒழுங்கு அங்கே எப்படி வருகிறது

ராணுவ ஒழுங்கு நான்கு விஷயங்களால் நடக்கிறது. எல்லாருக்கும் ஒரே நேரம். எது சரி என்பது கண்ணுக்குத் தெரியும், படுக்கை விரிப்பின் மடிப்பு உட்பட. தப்பினால் தண்டனை அப்போதே, அங்கேயே. ஒருவன் தப்பினால் அவனுடைய செக்ஷன் (சிறு குழு) முழுக்க ரகடா, அதாவது உடல் வருத்தும் தண்டனை, வாங்கும். நான்காவதுதான் மிக வலுவானது. அப்பா திட்டியபோது போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டவன், தன்னால் இருபது பேர் முழங்காலில் ஊர்ந்தார்கள் என்ற வெட்கத்தில் மறுநாள் நாலு மணிக்கே எழுந்து ஷூவுக்குப் பாலிஷ் போடுவான்.

இது உண்மையாகவே வேலை செய்கிறது. ஆனால் அந்த நான்கும் அவனுக்கு வெளியே இருப்பவை. காலை பி.டி., டிரில், ஆயுத வகுப்பு, மாலை விளையாட்டு, ராத்திரி ரோல் கால் என்று எல்லாவற்றையும் யாரோ முடிவு செய்து தருகிறார்கள். தூக்கம், சுத்தம், உடம்பு, நேரம் தவறாமை, வலியோடு வேலையை முடிக்கிற பொறுமை ஆகியவை பழக்கமாக ஒட்டிக்கொள்ளும். எந்தத் தொழிலில் இறங்குவது, வரும் பணத்தை என்ன செய்வது, யாரோடு பழகுவது என்று தானாக முடிவெடுக்கும் திறமைக்கு அங்கே பயிற்சி குறைவு. முதல் லீவில் ஊருக்கு வந்தவன் ஆறு மாதச் சேமிப்பை ஒரே வாரத்தில் பைக்கிலும் போனிலும் போடுவதைப் பார்த்து வீட்டார் அதிர்ச்சி அடைவது இதனால்தான். கட்டுப்பாடு முகாம் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

ஆராய்ச்சியும் பெரியவர்கள் சொல்லும் அளவுக்கு உறுதி தரவில்லை. ராணுவத்துக்குப் போகிறவர் ஏற்கெனவே ஒரு மாதிரி ஆளாக இருப்பதால், போனதால் மாறினாரா என்று பிரித்துச் சொல்வது கடினம். கட்டாய ராணுவ சேவைக்குக் குலுக்கல் முறையில் ஆள் எடுத்த நாடுகளில் மட்டும் நேர்மையாக ஒப்பிட முடியும். வியட்நாம் போர்க்காலக் குலுக்கலை வைத்துப் பொருளாதார அறிஞர் ஜோஷுவா ஆங்ரிஸ்ட் 1990இல் வெளியிட்ட ஆய்வு, வெள்ளையரான முன்னாள் வீரர்கள் 1980களின் தொடக்கத்தில் மற்றவர்களைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகச் சம்பாதித்ததைக் காட்டியது. அர்ஜென்டினாவின் குலுக்கலை வைத்து 2011இல் வந்த ஆய்வில், சேவைக்கு அழைக்கப்பட்டவர்கள் பின்னாளில் குற்ற வழக்கில் சிக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. இவை கட்டாய சேவை பற்றியவை. நம் நாட்டில் விரும்பியவர்தான் சேருகிறார் என்பதால் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் சீருடை போட்டாலே திருந்துவான் என்ற நம்பிக்கைக்கு இவை துணைக்கு வரவில்லை.

ஒழுங்கு என்ற பெயரில் எதையும் கேட்கலாம் என்று படை நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் வேலூரிலேயே சாட்சி இருக்கிறது. தாடியை மழி, நெற்றிக் குறியை அழி, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்ற உத்தரவுகள்தான் 1806 ஜூலை 10 அன்று கோட்டைச் சிப்பாய்களை எழச் செய்த முக்கியக் காரணங்களில் ஒன்று. இன்றைய ராணுவம் மத நம்பிக்கையில் அப்படிக் கை வைப்பதில்லை. ஆனால் முடி, தாடி, பச்சை குத்தல், செல்போன், தூக்கம் எதுவும் உங்கள் இஷ்டத்தில் இருக்காது. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் அக்னிவீரருக்கும் பொருந்தும். லீவு முடிந்து திரும்பாமல் இருப்பது கம்பெனிக்கு மட்டம் போடுவது போலல்ல, அது குற்றம்.

1.6 கிலோமீட்டர்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்குச் சென்னை ஆள்சேர்ப்பு அலுவலகம்தான். ஜாயின் இந்தியன் ஆர்மி இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், தேர்வுக் கட்டணத்தில் விண்ணப்பதாரர் பங்கு 250 ரூபாய். 2023 முதல் எழுத்துத் தேர்வு முதலில், கிரவுண்ட் எனப்படும் உடல் தகுதித் தேர்வு பிறகு. ஜி.டி. எனப்படும் பொதுப்பணிப் பிரிவுக்கு ஒரு மணி நேரத்தில் 50 கேள்வி, 100 மதிப்பெண், கணினியில். தவறான விடைக்கு அரை மதிப்பெண் போகும். 2025 முதல் தமிழிலும் எழுதலாம். இந்த மாற்றத்தை உணராமல் வருடம் முழுக்க ஓடிவிட்டு ரிட்டனில் (எழுத்துத் தேர்வில்) கழிந்து போகிறவர்கள் அதிகம். பத்தாம் வகுப்புக் கணக்கும் அறிவியலும் மறந்திருந்தால் முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும்.

ஜி.டி.க்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 33. டெக்னிக்கலுக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் எடுத்து மொத்தம் 50 சதவீதம், ஐ.டி.ஐ. வழியும் உண்டு. கிளார்க்குக்குப் பிளஸ் டூவில் 60 சதவீதம், பிறகு டைப்பிங் தேர்வு. சமையல், துப்புரவு போன்ற பணிகளுக்கான டிரேட்ஸ்மேனில் சில வேலைகளுக்கு எட்டாம் வகுப்பு போதும். வயது 17½இல் தொடங்குகிறது. மேல் வரம்பு 21 என்று ஆரம்பித்தார்கள். ஒவ்வோர் ஆண்டு அறிவிக்கையிலும் பிறந்த தேதியாகவே போடுவதால் அந்தத் தேதியைப் பாருங்கள், யூடியூபைப் பார்க்காதீர்கள். தமிழ்நாட்டவருக்கு ஜி.டி. உயரம் 166 செ.மீ., மார்பு 77, விரித்தால் 5 செ.மீ. கூட வேண்டும். என்.சி.சி. சான்றிதழுக்குப் போனஸ் மதிப்பெண் உண்டு. கல்லூரியில் இருப்பவர்கள் அதை விடக் கூடாது.

கிரவுண்டில் 1.6 கி.மீ. ஓட்டம். 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண், 5:45க்குள் 48. 2025இல் இன்னும் இரண்டு பிரிவு சேர்த்தார்கள்: 6:00க்குள் 36, 6:15க்குள் 24. பீமில் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது) 10 எடுத்தால் 40, ஒன்பதுக்கு 33, எட்டுக்கு 27, ஏழுக்கு 21, ஆறுக்கு 16. ஒன்பதடிப் பள்ளம் தாண்டுவதும் வளைந்த கட்டையில் நடப்பதும் தேறினால் போதும். இந்த எண்களைக் கொஞ்சம் நேரம் பாருங்கள். 5:30க்கும் 5:31க்கும் நடுவே ஒரு விநாடி, போவது 12 மதிப்பெண். பீமில் ஒன்பதிலிருந்து பத்துக்கு ஏறினால் 7 கிடைக்கிறது. 5:40 ஓடிப் பத்து பீம் எடுப்பவனுக்கு 88, 5:25 ஓடி ஆறோடு நிற்பவனுக்கு 76. ஓட்டம் மட்டும் பழகுகிறவர்கள் இங்கேதான் இழக்கிறார்கள்.

5:30 என்றால் 400 மீட்டர் சுற்றுக்கு 82½ விநாடி. பெரும்பாலோர் செய்யும் தப்பு, விசில் அடித்ததும் முதல் சுற்றை 70 விநாடியில் ஓடி, மூன்றாம் சுற்றில் நெஞ்சு அடைத்து நிற்பது. 80, 83, 84, 82 என்று ஓடினால் 5:29. அதற்கு வாட்சில் சுற்று நேரம் பார்க்கும் பழக்கம் வேண்டும். நேதாஜி மைதானத்திலோ கோட்டைப் பூங்காவைச் சுற்றியோ ஓடுகிறவர்கள் மொத்த நேரத்தை மட்டும் பார்ப்பதால் எந்தச் சுற்றில் விழுகிறோம் என்று தெரிவதில்லை. பாலாற்று மணலில் ஓடினால் கெண்டைக்கால் பலப்படும், ஆனால் நேரக் கணக்குக்கு அது உதவாது. வாரத்தில் ஒரு நாள் போதும்.

ஆறு மாதம் இருந்தால் முதல் ஆறு வாரம் வேகமே வேண்டாம். வாரம் நான்கு நாள், பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் 2 கிலோமீட்டரில் தொடங்கி 5 வரை. அடுத்த எட்டு வாரம் ஒரு நாள் 400 மீட்டரை 90 விநாடியில் ஆறு தடவை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. ஒரு நாள் மெதுவாக 6 கி.மீ.; மற்ற நாட்கள் சாதாரண ஓட்டம். அதற்குப் பின் 400 மீட்டரை 80-82க்கு இறக்கி, 800 மீட்டரை 2:45இல் மூன்று தடவை சேர்க்கலாம். கடைசி இரண்டு வாரம் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டாம். பீம் வராதவர்கள் குதித்து ஏறி, தாடை கம்பிக்கு மேலே வந்ததும் ஐந்து விநாடி எடுத்து மெதுவாக இறங்கிப் பழகினால் ஒரு மாதத்தில் முதல் இரண்டு மூன்று வரும். முக்கியமானது, ஓடி முடித்த மூச்சிரைப்போடு பீம் பழகுவது. கிரவுண்டில் வரிசை அப்படித்தான். காலை வீசி ஆட்டி ஏறுவது எண்ணிக்கையில் வராது.

கெட்டுப்போவது பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில். தார் ரோட்டில், தேய்ந்த ஷூவோடு, முதல் வாரத்திலேயே தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் அங்கே வலி வரும். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் எலும்பில் மயிரிழை விரிசல் விழும், பிறகு ஆறு வாரம் ஓட்டமே இல்லை. எலும்பை விரலால் அழுத்தும்போது ஒரே இடத்தில் குத்தினால் நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று, ஜிம்மில் யாரோ தரும் பவுடரும் ஊசியும். ஸ்டீராய்டால் மார்பு பெண்களுக்குப் போல் வீங்கினால் மெடிக்கலில் அன்ஃபிட். முட்டை, வேர்க்கடலை, கேழ்வரகு, பருப்பு போதும். இங்கே மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆறரைக்குள் ஓட்டம் முடிந்துவிட வேண்டும்.

2022 நவம்பரில் நடந்தது போல வேலூரிலேயே முகாம் வரலாம், வேறு மாவட்டத்திலும் வரலாம். நள்ளிரவுக்கு மேல் வரிசையில் நிற்கச் சொல்வார்கள். முந்தின நாளே போய்ச் சேர்ந்து பகலில் தூங்கிவிட வேண்டும். கூட்டமாக ஓட விடுவதால் தொடக்கத்தில் முட்டி மோதி விழுபவர்கள் உண்டு. முதல் 50 மீட்டரில் வெளிப்பக்கம் ஒதுங்குவது புத்திசாலித்தனம். அன்று காலை எனர்ஜி டிரிங்க் குடித்தால் படபடப்பும் ரத்த அழுத்தமும் கூடி மெடிக்கலில் மாட்டவைக்கும்.

பேரும் பல்லும்

கிரவுண்டில் ஜெயித்துக் காகிதத்தில் தோற்பது தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கே உரிய தொல்லை, காரணம் இனிஷியல். மார்க் ஷீட்டில் 'சதீஷ் கே', ஆதாரில் 'கே. சதீஷ்குமார்', சாதிச் சான்றில் அப்பா பெயர் வேறு எழுத்தில். ராணுவத்துக்குப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்தான் அடிப்படை. அதில் உள்ளபடி ஆதார், இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, பெற்றோர் பெயர் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஆதார் திருத்தமும் இ-சேவை மையத்தில் போட்டு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நகரும் சான்றுகளும் வாரக்கணக்கில் எடுக்கும். ரிட்டன் ரிசல்ட் வந்த பிறகு ஆரம்பித்தால் நேரம் போதாது. போட்டோ ஒட்டிய நன்னடத்தைச் சான்றும் திருமணமாகாதவர் சான்றும் ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், சீக்கிரமே வாங்கி வைத்தாலும் காலாவதியாகும். நோட்டரி கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரத்தை அறிவிக்கையில் உள்ள மாதிரியிலேயே எழுத வேண்டும். நிலுவையில் போலீஸ் கேஸ் இருந்தால் வெரிஃபிகேஷனில் தெரிந்துவிடும். சின்னச் சண்டை வழக்கு என்றாலும் மறைக்காமல் வக்கீலிடம் பேசி முடித்துக்கொள்வதே நல்லது.

மெடிக்கலுக்குப் போகும் முன் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, பல், கண், எலும்பு பிரிவுகளைப் பார்த்துவிட்டு வந்தால் பாதி அதிர்ச்சி குறையும். காதில் அழுக்கு, சொத்தைப் பல், ஈறு வீக்கம் எல்லாம் சரிசெய்யக் கூடியவை. விரைவீக்கம், சுருள் நரம்பு, மூலம், வளைந்த மூக்குத் தண்டு போன்றவற்றுக்குச் சிகிச்சை செய்து ஆற மாதங்கள் வேண்டும். நிறக்குருடுக்கு வழியில்லை. அதை 17 வயதிலேயே தெரிந்துகொண்டால் இரண்டு வருடம் மிச்சமாகும். ஈரக் காலைச் சிமெண்ட் தரையில் வைத்துப் பாருங்கள், உள்வளைவே இல்லாமல் முழுப் பாதமும் பதிந்தால் தட்டைப் பாதம். முழங்கால்களை ஒட்டி நிற்கும்போது கணுக்கால்கள் விலகி நின்றால் முட்டிக்கால். பச்சை குத்தியிருந்தால் முன்கையின் உள்பக்கமும் புறங்கையும் தவிர மற்ற இடங்களில் சிக்கல். கோவில் திருவிழாவில் ஜாலியாகக் குத்திய பெயர் ஒன்று வேலையைக் கெடுத்துவிடும். அன்ஃபிட் என்று சொன்னாலும் ராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனை கேட்கலாம், குறித்த நாளைத் தவறவிடக் கூடாது.

புரோக்கர்களைப் பற்றி ஒரு வார்த்தை. "மேலே பேசி வெச்சிருக்கேன், வேலை கிடைச்சா மட்டும் குடுங்க" என்று பலரிடம் லட்சக்கணக்கில் முன்பணம் வாங்குவார்கள். தேர்வுக்குப் போகும் அத்தனை பேரில் சிலர் தங்கள் காலாலேயே ஜெயிப்பார்கள். அவர்கள் பணத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டால் புரோக்கருக்கு நல்ல பேரும் கிடைக்கிறது. உண்மையில் அவர் எதுவுமே செய்யவில்லை. பயிற்சி அகாடமிகளில் சேருவது தப்பில்லை. அசல் மார்க் ஷீட்டைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

உள்ளே போன பிறகு

பயிற்சி சுமார் 31 வாரம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூர் வெலிங்டன், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர், மற்றப் பிரிவுகளுக்கு வடக்கே எங்கே வேண்டுமானாலும் இருக்கும். நம் பிள்ளைகளை முதலில் அடிப்பது ஓட்டமல்ல, மொழி. 'சாவ்தான்', 'விஷ்ராம்', 'தாயினே முட்' என்ற கட்டளைகள் இரண்டு வாரத்தில் காதுக்குப் பழகிவிடும். உஸ்தாத் (பயிற்சி தருபவர்) வேகமாகச் சொல்லும் மற்ற வேலைகள் புரியாமல், பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துச் செய்து மாட்டிக்கொள்வதுதான் நடக்கும். போகும் முன் எண்கள், திசைகள், உடல் உறுப்புகள், நேரம், 'எடு, வை, நில், வா' ஆகிய ஹிந்திச் சொற்களை மட்டும் படித்தால்கூடப் பாதி ரகடா மிச்சம். பேச்சு ஹிந்திக்கு ரிசல்ட்டுக்கும் சேருவதற்கும் இடைப்பட்ட மாதங்கள் போதும்.

மூன்றாம், நான்காம் வாரத்தில் வீட்டு நினைப்பு உச்சத்துக்குப் போகும். "என்னால முடியல, கூட்டிட்டுப் போங்க" என்று போன் வருவது சகஜம். அப்பா உடனே கிளம்பிப் போவதும், "பொட்டை மாதிரி அழாதே" என்று திட்டுவதும் இரண்டும் கெடுதல். கேட்டுக்கொண்டு, அடுத்த ஞாயிறு பேசுவோம் என்பது போதும். ஆனால் தூக்கம் சுத்தமாகப் போனது, சாப்பிட முடியவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்ற பேச்சு வந்தால் அது வீட்டு நினைப்பு அல்ல. படைப்பிரிவின் மருத்துவரிடம் சொல்லச் சொல்ல வேண்டும், பெற்றோரும் பிரிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். குடி, கஞ்சா, கடன், காதல் தோல்வி இவற்றிலிருந்து தப்பிக்க என்று அனுப்பப்பட்டவர்கள்தான் இந்தக் கட்டத்தில் உடைகிறார்கள். அந்தச் சிக்கலை முதலில் ஊரிலேயே தீர்த்துவிட்டு அனுப்புவது அவனுக்கும் நல்லது, துப்பாக்கியோடு அவன் பக்கத்தில் நிற்பவனுக்கும் நல்லது.

இலக்கைத் தேடிப் போகிறவர் முதல் ஆண்டிலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு, நான்காம் ஆண்டுக்கு அடுத்த நாள் என்ன என்று எழுதி வைப்பது. பத்தாம் வகுப்போடு சேர்ந்தவருக்குத் தேசியத் திறந்தவெளிப் பள்ளி மூலம் பிளஸ் டூ சான்றும், இக்னோ மூலம் பணியில் கற்ற திறனுக்குப் பாதி கிரெடிட் தரும் பட்டப்படிப்பும் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளன. பதிவு செய்து படிப்பவருக்குத்தான் அது பட்டம். டிரைவர், எலக்ட்ரீஷியன், சிக்னல் போன்ற டிரேடு கிடைத்தால் அதன் சான்றுகளைக் கையில் வாங்கி வைக்க வேண்டும். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்திய ஆயுதப் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு முதலில் 10 சதவீத ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் அறிவிக்கப்பட்டன. முதல் அணி 2022 கடைசியிலும் 2023 ஜனவரியிலும் பயிற்சிக்குப் போனது. அவர்களுடைய நான்கு ஆண்டு முடியும்போதுதான் இந்த ஒதுக்கீடுகள் நடைமுறையில் எத்தனை பேரைத் தாங்கும் என்பது தெரியும். 11 லட்சம் ஒரே நாளில் கணக்கில் விழும்போது அக்காவின் கல்யாணம், அப்பாவின் கடன், வீட்டு மாடி எல்லாம் வரிசையில் நிற்கும். இதை வீட்டில் பேச வேண்டிய நேரம் சேருவதற்கு முந்தின மாதம்தான், பணம் வந்த பிறகல்ல.

அக்னிவீர் மட்டுமே வழியா

பெண்களுக்கு ராணுவக் காவல் பிரிவில் அக்னிவீர் இடங்கள் உண்டு. உயரம் 162 செ.மீ., 1.6 கி.மீ. ஓட்டம் 7:30இல் முடித்தால் முதல் பிரிவு, 8:00க்குள் இரண்டாவது. விமானப் படைக்குத் தாம்பரத்தில் தேர்வு மையம் இருக்கிறது. உயரம் குறைந்தவர்கள் அதைப் பார்க்கலாம், அங்கே 152 செ.மீ. போதும், ஆனால் எழுத்துத் தேர்வு கடினம்.

கல்லூரியில் படிப்பவர்கள் பெரும்பாலும் அதிகாரி வழியை நினைத்தே பார்ப்பதில்லை. இந்தப் பகுதியில் இத்தனை கல்லூரிகள் இருந்தும் இது வருத்தமான விஷயம். என்.சி.சி. சி சான்றிதழும் பட்டத்தில் 50 சதவீதமும் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேரடியாக எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்வு செய்யும் வாரியம்) நேர்காணலுக்குப் போகலாம். ஐந்து நாள் நடக்கும் அந்த நேர்காணலில் தேறினால் சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரம். பயிற்சியின்போதே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை, பிறகு பத்தாண்டுப் பணி, விரும்பினால் இன்னும் நான்கு ஆண்டு. சொல்லிக் கேட்பவனாக இருந்தால் போதாது, சொல்லி நடத்துபவனாக இருக்க வேண்டும் என்பதால் சுயக் கட்டுப்பாடு தேடுபவருக்கு இதுதான் கூடுதலாகக் கற்றுத்தரும்.

நிரந்தர வேலைதான் முக்கியம் என்றால் மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் எஸ்.எஸ்.சி. ஜி.டி. தேர்வு வழியாக மத்திய ஆயுதப் படைகள்: வயது 18 முதல் 23, ஓ.பி.சி.க்கு மூன்றும் எஸ்.சி., எஸ்.டி.க்கு ஐந்தும் தளர்வு, ஆண்களுக்கு உயரம் 170, ஓட்டம் 5 கி.மீ. 24 நிமிடத்தில். 1.6 கிலோமீட்டருக்குப் பழகிய கால் இதற்குப் போதாது, இரண்டு மாதம் தனியாக வேண்டும். தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பொதுப் பிரிவினருக்கு 26, பிற்படுத்தப்பட்டோருக்கு 28, எஸ்.சி., எஸ்.டி.க்கு 31 வரை வயது. உயரம் 170, எஸ்.சி., எஸ்.டி. ஆண்களுக்கு 167. ஓட்டம் 1,500 மீட்டர் 7 நிமிடத்தில். இதைப் பிள்ளைகள் சுலபம் என்று நினைத்துத் தமிழ்த் தகுதித் தேர்வைப் படிக்காமல் போய்க் கோட்டை விடுகிறார்கள். வேலையை விடாமல் சீருடையும் வேண்டும் என்பவருக்குப் பிராந்திய ராணுவம் இருக்கிறது. அதில் 42 வயது வரை சேரலாம்.